எண்ணியில் ஏறாத எட்டு

2058ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்திற்கு, தூத்துக்குடியில் கடலைப் பார்த்திருந்த குழந்தை நரம்பியல் மையம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் விசாரணை தொடங்கியது. நான்கு வயது இரண்டு மாதம் நிறைந்த நித்திலா என்னும் பெண் குழந்தைக்குத் தணிமம் என்ற புதிய வலிப்பு மருந்தைத் தொடங்கலாமா, கூடாதா என்பதை முடிவு செய்வதற்கான விசாரணை அது. அறையில் ஐவர் இருந்தனர்: மருந்து ஒழுங்காணையத்தின் மாவட்ட அலுவலர் சங்கரநயினார், மருத்துவர் ரெஜினா மோத்தா, குழந்தையின் தாய் பூரணி, தந்தை இசக்கிராஜா, தரையில் விரித்த பாயின்மேல் காகிதக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த குழந்தை. பிப்ரவரி பதினொன்றாம் நாள் முதல் மார்ச் பத்தாம் நாள் முடிய இருபத்தெட்டு நாட்களில் குழந்தைக்கு வந்த வலிப்புகள், தாயின் குறிப்பேட்டின்படி பதினொன்று. குழந்தையின் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையின்படி மூன்று.

அந்தப் பட்டையை அதைச் செய்தவர்கள் ஏதோ நீண்ட பெயரிட்டு அழைத்தார்கள். ஊரார் எண்ணி என்றார்கள். வலிப்பு வந்தால் அதன் விளிம்பில் செம்மஞ்சள் விளக்கு எரியும். அலுவலகத் திரையில் மட்டும் தெரியும் எண் ஒன்று கூடும். எண்ணியில் ஏறாத வலிப்பு சட்டத்தின் கண்ணில் வலிப்பே அன்று.

“மூணுக்கும் பதினொன்னுக்கும் ரொம்பத் தூரம்மா,” என்றார் சங்கரநயினார். குறிப்பேட்டை அவர் தொடவில்லை; மேசையின் எதிர்ப்புறத்தில் அது மூடியபடியே கிடந்தது.

“எண்ணி தப்பு,” என்றாள் பூரணி.

“வாரவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ.”

“எல்லாரும் மணி, நிமிஷம், வினாடி போட்டு எழுதிக் கொண்டு வாராவளா?”

“வாராவ. பொய் எழுதுதவங்க இன்னும் அழகா எழுதுவாங்க.”

அவள் முத்தையாபுரத்து உப்பளம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக உப்பின் ஈரத்தை அளந்து வருபவள். இரண்டாம் தசம இடம் வரை அளந்து எழுதிய எந்த எண்ணையும் இதுவரை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. தன் கையெழுத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒருவர் பொய் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுவே முதல் முறை.

“எனக்குப் பொய் சொல்லி என்ன கெடைக்கும்?”

“மருந்து கெடைக்கும். இருபத்தெட்டு நாள்ல எட்டு வந்தா மருந்து, ஏழு வந்தா இல்ல. ஏன் அப்படின்னு டாக்டரம்மா சொல்லியிருப்பாங்களே.”

ரெஜினா மோத்தா இருவரையும் பார்க்காமல் சொன்னார். “சொல்லியிருக்கேன். வலிப்பு கூடுதலா உள்ள பிள்ளைக்குக் கொடுத்தா வலிப்ப அடக்கும். கூடுதலா இல்லாத பிள்ளைக்குக் கொடுத்தா பேச்ச அடக்கிடும். தொடங்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு நிறுத்தக் கூடாது. நடுவுல நிறுத்துனா மூளை தாங்காது.”

“பெத்தவங்க வாய்வார்த்தைய நம்பி இந்த மருந்தக் கொடுத்த காலம் ஒன்னு உண்டு,” என்றார் சங்கரநயினார். “பத்தொன்பது பிள்ளைங்களுக்குப் பேச்சு போச்சு. அதுல ஒருத்தன் எங்க அக்கா பேரன். ஏழு வயசாகுது. பசிச்சா தட்டக் காட்டுவான். அவன் அம்மாவும் உங்கள மாதிரி ஒரு நோட்டு வச்சிருந்தா.”

அவர் குரலில் இரக்கம் கேட்கும் தொனி இல்லை. குற்றப்பத்திரிகையின் ஒரு வரியைப் படிப்பவர்போலவே சொன்னார். பூரணிக்கு அந்தப் பிள்ளையை நினைத்து வருத்தம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. தன் பிள்ளைக்கு எதிராக இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துகிறாரே என்ற எரிச்சல்தான் வந்தது.

“சரி, கணக்குப் பாப்போம்,” என்று அவர் தம் முன்னிருந்த திரையைத் திருப்பினார். “எண்ணி சொல்லுத மூணும் உங்க நோட்டுல இருக்கு. நேரமும் ஒத்துப்போகுது. மூணும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல. மிச்சம் எட்டு. அந்த எட்டும் எப்ப தெரியுமா? காலையில ஒன்பதுக்கும் மத்தியானம் மூணுக்கும் நடுவுல.”

“அதுக்கென்ன?”

“உப்பளத்து வருகைப் பதிவ வரவழைச்சுப் பாத்தேன். அந்த எட்டு நாளும் அந்த நேரத்துல நீங்க முத்தையாபுரத்துல இருந்திருக்கீங்க. இங்க நோட்டுல ‘ஒரு நிமிடம் ஐம்பது வினாடி, இடக்கை, கண் மேலே செருகியது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எட்டு மைல் தள்ளி இருந்துக்கிட்டு எந்தக் கண்ணால பாத்திங்க?”

இந்த இடத்தில் பூரணி முதன்முறையாகத் தடுமாறினாள். தவறு அவளுடையதுதான், அதை மறுக்க முடியாது. இசக்கிராஜாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை, மாலைப் பணி. பகலெல்லாம் குழந்தை அவனிடம்தான் இருக்கும். வலிப்பு வந்ததும் நேரத்தைக் குறித்துத் தொலைபேசியில் சொல்வான். அவள் வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் ஏற்றுவாள். பார்த்தவர் யார் என்று ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும். உப்புக்கு அப்படி ஒரு கட்டம் உண்டு. மாதிரி எடுத்தவர் பெயர் ஒருபுறம், அளந்தவர் பெயர் மறுபுறம். சொந்தக் கணவன் சொன்னதைத் தான் பார்த்ததாகவே கருதி அந்தக் கட்டத்தை விட்டுவிட்டாள்.

“அவிய பாத்தாவ. நான் எழுதுனேன்.”

“அப்ப அந்த எட்டும் கேள்விப்பட்டது.”

“என் வீட்டுக்காரர் சொன்னது.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்.” சங்கரநயினார் இசக்கிராஜாவின் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, நீ சொல்லு. எட்டும் வந்துச்சா?”

“வந்துச்சு, சார்.”

“எண்ணி கையில கட்டியிருந்துச்சா?”

“கட்டியிருந்துச்சு.”

“பிறகு ஏன் ஏறல?”

இசக்கிராஜா தன் முழங்கால்களைப் பார்த்தபடி இருந்தான். ஐந்து வாரமாக அவன் இப்படித்தான் இருந்தான். தன்னை எதிர்த்துப் பேசாமல் இருப்பதை மரியாதை என்று பூரணி எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்க்கையில் அது வேறு எதுவோ போலிருந்தது.

“விதி தெரியும்லா?” என்றார் அலுவலர். “எண்ணி சொல்லுததுக்கு ரெண்டு மடங்குக்கு மேல பெத்தவங்க கணக்குப் போனா ஐயப்பட்டியல்ல பேர் ஏறும். பேர் ஏறுறது அம்மா பேரு, கையெழுத்து அவங்களோடது. பதினாலு நாள் பிள்ளை இங்க இருக்கும். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம். மருந்து கெடையாது.”

“பதினாலு நாள்ல நீண்ட வலிப்பு ஒன்னு வந்தா?” என்று கேட்டாள் பூரணி.

“அதுக்குத்தான் இங்க ஆள் இருக்காங்க.”

“நாலு நிமிஷத்தத் தாண்டுனது ரெண்டு. அதுவும் கேள்விப்பட்டதுதான், சரி. அடுத்தது பத்து நிமிஷம் போச்சுன்னா உங்க எண்ணி வந்து தூக்குமா?”

“குரல உயர்த்தாதீங்கம்மா.”

“நான் உயர்த்தல. உங்களுக்கு இதுவரைக்கும் யாரும் பதில் சொன்னதில்ல, அதான் உயரமாத் தெரியுது.”

ரெஜினா மோத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாயின்மேல் காகிதக் கோப்பைகள் சரிந்தன.

குழந்தை கையை நீட்டியபடியே அசைவற்று உறைந்துவிட்டது. இடக்கை விரல்கள் முதலில் துடித்தன, பிறகு முழங்கை, பிறகு உடல் பக்கவாட்டில் சாய்ந்தது. பூரணி நாற்காலியை விட்டு எழுவதற்குள் இசக்கிராஜா பாயில் மண்டியிட்டிருந்தான். இடுப்பு வாரில் தொங்கிய சாவிக்கொத்தை உருவி, மகளின் இடது உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை முதலில் மடக்கி, அதன்மேல் மற்ற நான்கு விரல்களையும் மூடித் தன் கையால் இறுகப் பொத்திக்கொண்டான். எல்லாம் மூன்று வினாடியில் முடிந்தது. யோசித்துச் செய்பவனின் வேகம் அன்று அது.

“சாவிய எடுங்க, பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வைங்க,” என்று மருத்துவர் ஓடிவந்தார். குழந்தையைத் திருப்பி, தலைக்கடியில் தம் மேலங்கியை மடித்து வைத்தார். சாவிக்கொத்தை மட்டும் இசக்கிராஜா விடவில்லை. அவன் கைக்குள் குழந்தையின் கை, அதற்குள் இரும்பு. எல்லாம் சேர்ந்து கிலுகிலுவென்று ஆடின.

பூரணி எண்ணியைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. சங்கரநயினாரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. குழந்தை ஓய்ந்து, எச்சில் வழிய, ஆழ்ந்து மூச்சுவிட்டது. விளக்கு எரியவேயில்லை. திரையில் மூன்று மூன்றாகவே இருந்தது.

மருத்துவர்தான் முதலில் சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தார்.

“கிலுகிலுப்பை விதி,” என்றார்.

“என்னது?” என்றார் அலுவலர்.

“எண்ணியோட கையேட்டுல இருக்கு. குழந்தைங்க கிலுகிலுப்பைய ஆட்டுனா அதையும் வலிப்புன்னு எண்ணிடக் கூடாதுல்ல? அதனால உள்ளங்கையில உலோகம் இருந்தா அந்த அசைவ விளையாட்டுன்னு தள்ளிடும். செஞ்சவங்களுக்கு வலிப்பு வந்த பிள்ளை கையில இரும்பக் கொடுக்கிற ஊர் ஒன்னு இருக்குன்னு தெரியாது. கையேட்டப் படிச்ச எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தோணல.”

சங்கரநயினார் நிமிர்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க தெருவுலயும் கொடுப்பாங்க,” என்றார் மெதுவாக. “அரிவாளக் கொடுத்துக்கூடப் பாத்திருக்கேன்.”

பூரணி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு முதல் வலிப்பு வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து நீட்டிய கரண்டியைப் பிடுங்கி வாசலில் எறிந்தவள் அவள். இந்த வீட்டில் இனி இரும்பு, எலுமிச்சை என்று யாரும் வரக் கூடாது என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். அன்று இசக்கிராஜா தலையாட்டினான்.

“எட்டுத் தடவையும் கொடுத்தியளா?” என்றாள்.

“ம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா கத்துவ.”

“கத்தியிருப்பேன். கத்தியிருந்தா எட்டும் ஏறியிருக்கும்.”

அலுவலர் இருக்கைக்குத் திரும்பினார். அவர் குரல் சற்றுத் தணிந்திருந்தது, ஆனால் வழிவிடவில்லை. “அம்மா, நீங்க பொய் சொல்லலங்கிறது தெரிஞ்சுபோச்சு. ஐயப்பட்டியல் பேச்ச எடுக்க மாட்டேன். ஆனா குருடா இருந்த எண்ணி குருடா இருந்ததாத்தான் எழுத முடியும். எட்டுன்னு எழுத முடியாது. இன்னையிலேர்ந்து புதுசா இருபத்தெட்டு நாள். கையில எதையும் கொடுக்காதீங்க.”

“இன்னும் இருபத்தெட்டு நாளா?” என்றார் மருத்துவர். “நாலு நிமிஷம் போன பிள்ளை, சார்.”

“விதி நான் எழுதல, டாக்டரம்மா. தட்டக் காட்டுத பிள்ளைய வச்சு எழுதுனது. அத என்னால மீற முடியாது.”

பூரணி பாயில் அமர்ந்து மகளின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கோபத்தில் அவளுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரியும், ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். சற்றுமுன் கண்ட மூன்று வினாடிகளை அவள் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் முதலில். பிறகு நான்கு விரல். பிறகு பொத்துதல். பக்கத்து வீட்டுக்காரி கரண்டியைப் பிள்ளையின் பக்கம் நீட்ட மட்டுந்தான் செய்தாள். இவனோ பழகிய வரிசையில் செய்தான்.

“கட்டைவிரல ஏன் முதல்ல மடக்குனிய?”

“என்னது?”

“கேக்கேன். கட்டைவிரல முதல்ல மடக்கணும்னு யார் சொல்லிக்கொடுத்தா?”

“அது... அப்படித்தான் பிடிக்கணும். இல்லன்னா சாவி நகத்துல குத்தும்.”

“குத்தும்னு எப்படித் தெரியும்?”

இசக்கிராஜா எழுந்து சன்னலருகே போனான். கீழே கடற்கரைச் சாலை. அதற்கு அப்பால் கப்பல்களின் மேல் கிரேன்கள் நீலமும் மஞ்சளுமாக நின்றன. அவனுடையது இடமிருந்து மூன்றாவது.

“எனக்குக் குத்தியிருக்கு,” என்றான்.

அறையில் மருத்துவர் ஒருவருக்குத்தான் இந்தச் சொற்களின் எடை உடனே விளங்கியது. அவர் மேசைக்கு நடந்து, ஐந்து வாரத்திற்கு முந்தைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார்.

“எத்தனை வயசு வரைக்கும்?”

“ஆறு. அதுக்குப் பிறகு வரல. ஒரு தடவைகூட வரல, டாக்டர்.”

“இங்க ‘தந்தை வழியில் வலிப்பு’ன்னு கேட்டிருக்கு. ‘இல்லை’ன்னு இருக்கு. உங்க கையெழுத்து.” அவர் விரலால் அடுத்த வரியைத் தொட்டார். “அதுக்குக் கீழயே போட்டிருக்கு. பெத்தவங்கள்ல ஒருத்தருக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்து தானா நின்னிருந்தா, பிள்ளைக்கு வந்தது அந்த வகைதான்னு ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒப்பிட்டா தெரிஞ்சிடும். அந்த வகைக்குத் தணிமம் பேச்சக் கெடுக்காது. எண்ணிக்கையே தேவையில்ல. எண்ணியும் தேவையில்ல. அன்னைக்கே தொடங்கியிருக்கலாம்.”

“படிச்சியளா?” என்றாள் பூரணி. “இந்த வரிய அன்னைக்குப் படிச்சியளா?”

“படிச்சேன்.”

“படிச்சிட்டு இல்லன்னு போட்டிய.”

“வலிப்பு வந்தவனுக்குக் கிரேன் கொடுக்க மாட்டாவ பூரணி. ஒரு தடவை வந்திருந்தாலும் சரி, முப்பது வருஷம் ஆனாலும் சரி. கல்யாணத்துக்கு முன்னால உங்க வீட்ல கேட்டப்பவும்...”

“அதைப் பிறகு பாத்துக்கிடலாம். மேல சொல்லுங்க.”

“எப்படியும் எட்டு வந்திடும்னு நெனச்சேன். பிள்ளை மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்ததுல வெளக்கு எரியுதான்னு பாக்கல. நானும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். மூணாவது வாரத்துல எட்டு ஆயிட்டு. அப்பாடான்னு இருந்துச்சு. மருந்தும் கெடைக்கும், வேலையும் இருக்கும்னு.”

மகளின் வலிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி நிம்மதி அடைந்த ஒருவனைப் பூரணி அதுவரை கண்டதில்லை. அவன் எண்ணிய எட்டையும் அவன் சாவியே அழித்துக்கொண்டிருந்தது என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவன் முகத்திலேயே அது தெரிந்தது. அதற்காக அவள் இரங்கவும் இல்லை.

ரெஜினா மோத்தா அலுவலரைப் பார்த்தார். “ரத்தம் எடுத்தா நாற்பது நிமிஷத்துல தெரியும். இவரு விஷயம் துறைமுகத்துக்குப் போகாம இங்கயே வச்சுக்க வழி இருக்கா?”

“இல்ல,” என்றார் சங்கரநயினார். “பெத்தவங்க வலிப்பக் காட்டி ஐஞ்சாம் பிரிவுல மருந்து கொடுத்தா யாரு பேர்ல கொடுத்தோம்னு எழுதணும். எழுதுனது எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். நான் இதக் கேக்காத மாதிரி இருக்கணும்னா, இருபத்தெட்டு நாள் வழிதான். அதுக்கு நான் தயார். இவுக ரெண்டு பேரும் முடிவு பண்ணட்டும்.”

“பத்து டன் பெட்டிய ஆள் தலைக்கு மேல தூக்குதேன்,” என்றான் இசக்கிராஜா, யாரையும் பார்க்காமல். “பதினாலு வருஷத்துல ஒன்னையும் கீழ போட்டதில்ல. ஒரே ஒரு மாசம், பூரணி. நான் சாவியக் கையால தொட மாட்டேன். தானா ஏறிடும். பிள்ளை தாங்கும்.”

“தாங்குமா இல்லையாங்கிறத யார் பாத்து எழுதப் போறா? நீங்களா?”

அவன் மறுபடியும் கிரேன்களின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பூரணி மகளின் தலையைப் பாயில் மெதுவாக இறக்கி வைத்தாள். எழுந்து, மேசையில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்துச் சன்னலருகே கொண்டுபோய் அவன் முன் நீட்டினாள். பேனாவையும் நீட்டினாள்.

“அஞ்சு வாரமா நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். எனக்குப் பொய்க்காரிங்கிற பேர் வந்துச்சு. பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திய. இப்ப நீங்க எழுதுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“வேலை போயிரும்.”

“போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். அது போனா வலிக்கும், எனக்கும் வலிக்கும். எழுதுங்க.”

அவன் பேனாவை வாங்கினான். ‘இல்லை’ என்ற சொல்லை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் ‘உண்டு’ என்று எழுதினான். தேதி போட மறந்தான். சங்கரநயினார் தேதியைப் போடச் சொன்னார்.

அன்று பிற்பகலும் அதன் பிறகும் முடிவாகியவை பின்வருமாறு. பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடத்திற்கு வந்த இரத்தப் பரிசோதனை, தந்தைக்கும் மகளுக்கும் ஒரே வகை வலிப்பு என்று உறுதி செய்தது. ஐந்தாம் பிரிவின்படி நித்திலாவுக்குத் தணிமம் அனுமதிக்கப்பட்டது. முதல் வேளை, கால் மில்லிலிட்டர், இரண்டு மணி பத்து நிமிடத்திற்குத் தாயின் கையால் கொடுக்கப்பட்டது. குழந்தை அதைத் துப்பவில்லை. அளவு வாரந்தோறும் கால் மில்லிலிட்டர் கூடி, எட்டு வாரங்கள் கழித்து மே ஒன்பதாம் நாள் முழு அளவை எட்டும். பூரணியின் பெயர் ஐயப்பட்டியலில் ஏறவில்லை. ஆனால் பார்த்தவர் பெயரின்றி எழுதப்பட்ட எட்டுப் பதிவுகளும் செல்லாதவை என்று சங்கரநயினார் எழுதினார். பூரணி அதை மறுக்காமல் ஒப்பமிட்டாள். எண்ணியின் விதியை மாற்றக் கோரி மருத்துவர் எழுதிய கடிதத்திற்கு, அதைச் செய்தவர்களிடமிருந்து ஏப்ரல் மாதத்தில் பதில் வந்தது: குழந்தைகளின் கையில் உலோகப் பொருள்களைக் கொடுக்க வேண்டாமெனப் பெற்றோருக்கு அறிவுறுத்துமாறு அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

இசக்கிராஜாவின் கிரேன் உரிமம் அன்று மாலை நான்கு மணிக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. பத்து நாள் கழித்து உரிமமே ரத்து செய்யப்பட்டது. பூரணி உப்பளத்தில் இரண்டு வேளைப் பணியை ஏற்றுக்கொண்டாள். குழந்தையை முழுநேரமும் அவன் பார்த்துக்கொள்வதென்றும், குறிப்பேட்டை இனி அவனே எழுதி ஒவ்வொரு பதிவின் கீழும் தன் பெயரை இடுவதென்றும், மே ஒன்பதாம் நாள் வரை குழந்தையைப் பற்றியதன்றி வேறெதையும் இருவரும் பேசுவதில்லை என்றும் முடிவாயிற்று. இந்தக் கடைசி முடிவு பூரணியுடையது. அதற்குப் பிறகு என்ன என்பதை அப்போது ஒருவரும் தீர்மானிக்கவில்லை.